பின் சில்லுக்கு டிஸ்க்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொண்ணூறுகளில் வந்த ஹொண்டா சிவிக் ஹட்ச்பெக் ஒன்றை வாங்கியிருக்கிறாய், பின் சில்லுகளின் ட்ரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட எவ்வளவு முடியும் என்று கேட்டிருக்கிறாய். செலவைப் பிறகு பார்ப்போம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. தொடங்கியும் விலை நமக்கு எட்டவில்லை. ஆகவே இந்தக் காரை நீ நெடுநாள் ஓட்டப்போகிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் பின் பிரேக்கின் பங்கு எவ்வளவு என்று பார். உயர்தரத்தில் படித்த கணக்குத்தான். எஞ்சினும் கியர் பெட்டியும் முன்னால் இருப்பதால், கார் சும்மா நிற்கும்போதே எடையில் சுமார் 60 வீதம் முன் சில்லுகளில் இருக்கும். சில்லிடைத் தூரம் ஏறக்குறைய 2.57 மீற்றர். எடை மையம் நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் என்று வை. புவியீர்ப்பின் 0.8 மடங்கு அமர்முடுகலில் நிறுத்தினால், 0.8ஐ 0.5ஆல் பெருக்கி 2.57ஆல் வகு. இன்னும் 16 வீத எடை முன்னுக்குப் போய்விடுகிறது. ஆயிரம் கிலோ காரில் பின் இரண்டு சில்லுகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஏறக்குறைய 240 கிலோதான். அவ்வளவு எடையை நிலத்தில் பிடித்து நிறுத்த, நல்ல நிலையிலுள்ள ட்ரம் தாராளமாகப் போதும்.

அப்படியானால் டிஸ்க்குக்கு ஏன் இத்தனை பெயர்? வெப்பத்தால். பிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் 1953இல் லு மான் 24 மணிநேர ஓட்டத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் கார் உலகம் அதன் பக்கம் திரும்பியது. ட்ரம் சூடேறினால் விரிந்து உள்ளிருக்கும் பிரேக் சூவை விட்டு விலகும், லைனரின் பிடியும் குறையும், பெடல் கீழே போகும். டிஸ்க் காற்றில் திறந்து நிற்பதால் சூடு சீக்கிரம் ஆறும். கடுகண்ணாவை இறக்கத்தில் ஆள் நிறைந்த காரோடு இறங்குபவனுக்கு அது பெரிய விஷயம். அங்கேயும் பெரும்பகுதி வேலையை முன் டிஸ்க்தான் செய்கிறது. பாலாவியிலிருந்து நுரைச்சோலை தாண்டிக் கற்பிட்டிவரை உன் வீதியில் அப்படி ஒரு இறக்கமாவது உண்டா?

நம் கரையில் பிரேக்கைக் கொல்வது உப்புத்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, வழியில் உப்பளங்கள். காற்றுக் காலத்தில் மணலும் உப்பும் சேர்ந்து காரின் அடியெல்லாம் அப்பிக்கொள்ளும். பின் டிஸ்க் இங்கே படும் பாட்டைக் கேள். வேலை குறைவு என்பதால் பேட் துருவைத் தேய்த்து எடுக்காது. கலிப்பர் நகரும் ஆணி (பின்) உள்ளே இறுகும். ஹாண்ட் பிரேக் கேபிள் இழுக்கும் சிறு நெம்பு கலிப்பரிலேயே துருப்பிடித்து, இழுத்தால் திரும்பி வராது. ஒரு பக்கப் பேட் தேய்ந்து இரும்பைத் தொடும்போது மறுபக்கப் பேட் புத்தம்புதிதாக இருப்பதை நம் பக்கக் கராஜ்களில் நிறையப் பார்க்கலாம். டிஸ்க் போட்டால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த ஆணியைக் கழற்றிக் கழுவி, அதற்கென்று உள்ள கிரீஸ் பூச வேண்டும். அதற்கு நீ தயாரா என்பதுதான் என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, உன் ட்ரம்மைத் திறந்து பார்த்தாயா என்பது. பெடல் ஆழமாகப் போகிறது, ஹாண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். முக்கால்வாசி நேரம் இதற்குக் காரணம் சூக்களுக்கு நடுவே இருக்கும் அட்ஜஸ்டர். லைனர் தேயத் தேயச் சூவை வெளியே தள்ளிக் கொடுக்க வேண்டிய அந்தப் பல்லுச் சக்கரம், துருவில் இறுகி அப்படியே நின்றுவிடும். காரை ஜக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டான்ட் வைத்து, ட்ரம்மைக் கழற்று. உள்ளே இருக்கும் கறுத்த தூசியைக் கொம்பிரசரால் ஊதாதே. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், நனைத்துத் துடை. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் மெல்ல விலக்கிப் பார். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர் கசிகிறது. அட்ஜஸ்டரைக் கையால் சுழற்று. இடத்துக்கும் வலத்துக்கும் மரை எதிரெதிர், மாற்றிப் போட்டுவிடாதே. பின் சில்லுக்குப் போகும் இரும்புக் குழாயையும் நகத்தால் சுரண்டிப் பார். பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தால் செம்பு-நிக்கல் குழாயாக மாற்று, உப்பில் அது துருப்பிடிக்காது. சிவிக்கில் பிரேக் குறுக்காகப் பிரிந்திருக்கிறது. பின் குழாய் ஒன்று வெடித்தால் எதிர்ப்பக்க முன் சில்லின் பிரேக்கும் சேர்ந்து போகும்.

பிரேக் ஒயிலையும் மாற்று. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து நீரை உறிஞ்சி அதன் அளவு 3.7 வீதம் ஆகும்போது அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். இந்த ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை விட்டுவைக்காதே.

இதெல்லாம் செய்த பிறகும் டிஸ்க் வேண்டுமென்றால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அரைகுறையாகச் செய்யாதே. ட்ரம்மில் முன்பக்கத்துச் சூ சுழற்சியோடு இழுபட்டுத் தானே இன்னும் இறுகும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. அதனால் கலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதற்குத் தள்ள வேண்டிய ஒயிலும் கூட. ட்ரம் காருக்கென்று அளந்து வைத்த மாஸ்டர் சிலிண்டரையும் பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வையும் அப்படியே விட்டுவிட்டுக் கலிப்பரை மட்டும் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார் எப்படி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு சில்லுக்கும் டிஸ்க்கோடு வந்த அதே தலைமுறை சிவிக் எஸ்ஐஆர் போன்ற ஒரே காரிலிருந்து பின் ட்ரெய்லிங் ஆர்ம் இரண்டும், கலிப்பர், ஹாண்ட் பிரேக் கேபிள், வால்வு, மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒன்றாக எடு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். ஆர்ம் வளைந்திருக்கிறதா, டிஸ்க்கில் பொறித்திருக்கும் ஆகக் குறைந்த தடிப்புக்கு மேல் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கு. உன் ரிம் கலிப்பரில் முட்டாமல் சுழலுமா என்பதையும் பணம் கொடுக்குமுன் அளந்துவிடு.

பூட்டி முடித்ததும் சனம் இல்லாத நேரான ஒரு வீதியில், மணிக்கு 30 கிலோமீற்றரில் போய் முழுப் பலத்தோடு மிதி. பக்கத்தில் ஒருவரை நிறுத்தி எந்தச் சில்லு முதலில் சறுக்குகிறது என்று பார்க்கச் சொல். முன் சில்லு முதலில் இறுக வேண்டும். பின் சில்லு முந்தினால் மணல் படிந்த வளைவில் காரின் பின்பாகம் உன்னைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும். அப்படித் தெரிந்தால் அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டாதே, வால்வைத் திருத்தும்வரை நிறுத்தி வை.

இந்த ஞாயிறு ட்ரம் இரண்டையும் கழற்று. சிலிண்டரில் கண்டதையும் அட்ஜஸ்டர் சுழன்றதா என்பதையும் எழுது; செலவுக் கணக்கை அதைப் பார்த்துப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா