கார்டு எண் தப்பைக் கண்டுபிடிக்கும், அக்கவுண்ட் எண் கண்டுபிடிக்குமா?

என் நண்பனுக்கு நரிக்குடி பக்கம் ஊர். சென்னையில வேலை. சம்பளம் வந்ததும் அப்பாவுக்கு 8,000 ரூபாய் அனுப்பினான். ரெண்டு நாள் கழிச்சு போன்: "பணம் வரலையேப்பா."

அப்பா பாஸ்புக்கைப் பார்த்து போன்ல சொன்ன எண்ணை இவன் டைரியில எழுதும்போது 67-ஐ 76-ன்னு மாத்தி எழுதிட்டான். ஆப் ரெண்டு தடவை கேட்டது. ரெண்டு தடவையும் அதே டைரியைப் பார்த்துதான் டைப் பண்ணினான். பணம் வேற யாரோ ஒருத்தர் கணக்குக்குப் போயிடுச்சு.

அவன் கேட்ட கேள்வி இதுதான்: "கார்டு எண்ணை மாத்திப் போட்டா உடனே 'தவறான எண்'னு வருதே, இங்க ஏன் வரலை?"

காரணம் கணக்குதான். கார்டோட 16 இலக்கத்துல கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். முதல் 15 இலக்கமும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். ஐபிஎம்-ல வேலை பார்த்த லூன் என்பவர் 1950-களில் கண்டுபிடித்த முறை இது. சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணில் போட்டுப் பார்ப்போம்:

1. வலது ஓர இலக்கத்தை விட்டுடுங்க. அதுக்கு இடப்பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்க. (16 மாதிரி வந்தா 1+6=7.)
2. இரட்டித்தவை: ஏழு 2, ஒரு 8. மொத்தம் 22.
3. மீதி எட்டு 1-கள்: 8.
4. 22+8=30. பத்தால் மீதியில்லாமல் வகுபடுது. எண் சரி.

இப்போ முதல் ரெண்டை மாத்தி 1411-ன்னு ஆரம்பிங்க. கூட்டல் 27. மாட்டிக்கிச்சு!

ஒரு இலக்கம் தப்பானா இந்த முறை கட்டாயம் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பிடிக்கும். 09, 90 மட்டும் தப்பிச்சிடும். ஆதார் எண்ணின் 12-வது இலக்கம் வெர்ஹோஃப் என்ற வேறொரு முறை. அதுல 09-உம் தப்பாது.

ஒரு எச்சரிக்கை: சும்மா எழுதுற 16 இலக்க எண்களில் பத்துக்கு ஒன்று இந்தச் சோதனையில் பாஸாகும். அதனால எண் சரியா இருக்குன்னா கார்டு உண்மைன்னு அர்த்தமில்லை.

வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான இப்படியொரு விதி கிடையாது. நீளமே வங்கிக்கு வங்கி மாறும். அதோட, ஆன்லைனில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வச்சே வரவு வைக்கலாம்னு 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. நீங்க போட்ட பெயர் காப்பாத்தாது.

அப்போ காவல்காரன் யாரு? நீங்கதான்.

- புதுக் கணக்குன்னா முதலில் 1 ரூபாய் அனுப்புங்க. "வந்துச்சா?"ன்னு கேட்டுட்டு மீதி.
- நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்-க்கு கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கு. பெயரைப் பார்க்காம அனுப்பாதீங்க.
- எண்ணைக் காதால் கேட்டு எழுதாதீங்க. பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.
- தப்பா போயிட்டா அன்னைக்கே யுடிஆர் எண்ணோட உங்க வங்கியில் எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க.

நண்பனுக்குப் பணம் 23 நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு, அந்த முகம் தெரியாதவர் சம்மதிச்சதால. எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் அமைவாரா? ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

வீடியோவில் போர்டுல போட்டுக் காட்டியிருக்கேன். உங்க கார்டு எண்ணை நீங்களே பேப்பரில் போட்டுப் பாருங்க. கமெண்ட்ல மட்டும் போட்டுடாதீங்க!