தொலைபேசிக் கடனும் துண்டிப்பும்

தர்மபுரத்திலோ விசுவமடுவிலோ வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இப்பாடத்தை வாசியுங்கள். மகன் கனடாவில், தாயும் பேரப்பிள்ளைகளும் இங்கே. வீட்டில் ஒரேயொரு தொலைபேசி. பாடசாலைப் பதிவேட்டிலும், கிளினிக் கொப்பியிலும், வங்கியிலும் எழுதப்பட்டிருப்பது அந்த இலக்கமே. இரவில் பாம்பு தீண்டினால் 1990 அம்புலன்ஸை அழைப்பதும் அதிலிருந்துதான். இந்த மாதப் பில்லில், தாம் கேட்டிராத ஏதோவொரு சேவைக்குப் பெருந்தொகை விழுந்திருக்கிறது. முழுவதையும் கட்டக் காசில்லை. அத்தாய் என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைப் பிரித்தறியுங்கள். மாத வாடகையும் பேசிய அழைப்புகளின் கட்டணமும் ஒரு வகை. பாட்டு, சோதிடம், போட்டி என்று மேலதிகமாக ஏறும் கட்டணம் வேறு வகை. அந்நாளில் சங்கக்கடையில் சோடாவுக்குக் காசு பாக்கி என்பதற்காகக் கூப்பன் அரிசியை நிறுத்தியிருந்தால் ஊர் பொறுத்திருக்குமா? தொலைபேசியிலும் இதே நியாயந்தான்.

அமெரிக்காவில் 900 என்று தொடங்கும் இலக்கங்களுக்கு நிமிடக் கணக்கில் பணம் அறவிட்டார்கள். பிள்ளைகள் விளையாட்டாகச் சுழற்ற, பெற்றோருக்குப் பில் வந்தது. 1992இல் அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி எழுந்த விதி, அத்தகைய கட்டணத்தைச் செலுத்தாததற்காக ஒருவருடைய சாதாரண தொலைபேசிச் சேவையைத் துண்டிக்கக்கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2002இல் இவ்வாறே நெறி வகுத்தது: முன்னறிவித்தல் வேண்டும், இயன்றவரை, பணம் கட்டப்படாத சேவையை மட்டுமே நிறுத்தவேண்டும். மோசடி செய்பவருக்கும் ஓயாமல் பாக்கி வைப்பவருக்கும் இச்சலுகை இல்லை.

நம் உறவினர் பலர் வாழும் கனடாவில், 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கையடக்கத் தொலைபேசி விதிக்கோவை இன்னும் தெளிவானது. நிலுவை 50 டொலருக்கு மேற்படவேண்டும், அல்லது இரண்டு மாதங்களுக்கு மேல் கடந்திருக்கவேண்டும். அதற்கு முன் பாக்கிக்காகத் துண்டிக்க இயலாது. 14 நாட்களுக்கு முன்னரும், மீண்டும் 24 மணி நேரத்துக்கு முன்னரும் அறிவிக்கவேண்டும். கணக்கைப் பற்றி வாடிக்கையாளர் தகராறு எழுப்பி, தகராறில்லாத பகுதியைக் கட்டிவிட்டால், சாதாரணமாகத் துண்டிக்கமுடியாது. கடைசியாகச் சொன்ன இதுவே என் பார்வையில் மிகச் சிறந்த விதி. ஏழைக்கும் கம்பனிக்கும் ஒருங்கே நியாயம் செய்கிறது.

கனடாவின் விதி இங்கே செல்லாது. ஆயினும் நாம் கைவிடப்பட்டவர்களல்லர். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அமைத்து, பாவனையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரத்தையும் அதற்கு அளித்திருக்கின்றன.

ஆகவே அத்தாய் பில்லை மூலையில் போட்டுவிடக்கூடாது. ஒப்புக்கொள்ளும் தொகையை இறுதித் திகதிக்கு முன்னரே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கட்டும். மறுக்கும் தொகை எது, ஏன் மறுக்கிறார் என்பதைக் கம்பனிக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளட்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். கேளாத சேவையை உடனே நிறுத்தும்படியும் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் ஏறும். பதில் திருப்தியில்லை என்றால் அதே கடிதங்களுடன் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை.

முற்பணம் போட்டுப் பேசுவோருக்கு நிலுவை ஏறாது. ஆனால் போட்ட காசு கரையும். காரணம் பெரும்பாலும் அதே கேளாத சேவைதான்.

சில வேளை, தொடர்பு நின்று பல மாதங்களின் பின் கடனைக் கேட்டு ஒரு கடிதம் வரும். பொலிஸ் வந்துவிடுமென்று நடுங்கவேண்டாம். கட்டாத தொலைபேசிக் கட்டணம் குடியியல் கடன், குற்றமல்ல. சிறுதொகைத் தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டுமென 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. சபை அழைத்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். அங்கே தவணை முறையில் கட்ட இணங்கலாம். மறுக்கும் தொகையைக் குறைக்கவும் கேட்கலாம். போகும்போது பில்லையும், பற்றுச்சீட்டையும், முன்பு எழுதிய கடிதத்தின் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள்.