அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர்



ஞானப்பிரகாசம் என்பது நம் வீடுகளில் பழகிய பெயர். பிள்ளைகளுக்கு அப்பெயரிட்டு ஞானஸ்நானம் பெறுவிக்கிறோம். ஜூன் 21-ந் தேதி அந்த அர்ச்சியசிஷ்டவரின் திருநாளையும் கொண்டாடுகிறோம். அவர் பிறந்த ஊர் எது, பிற்காலத்தில் அங்கே என்ன நடந்தது என்று இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

வட இத்தாலியில், கார்தா ஏரிக்குத் தெற்கே, மாந்துவா நகரைச் சேர்ந்த பகுதியில் காஸ்திலியோனே என்னும் சிற்றூர் இருக்கிறது. கொன்சாகா பிரபு குடும்பத்தின் ஒரு கிளையார் முற்காலத்தில் அதை ஆண்டு வந்தார்கள். அவர்களுடைய மூத்த குமாரனாக 1568-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி பிறந்தவரே நம் ஞானப்பிரகாசியார். 1580-ல் மிலான் அதிமேற்றிராணியாராகிய அர்ச். சார்லஸ் பொரோமேயு அவ்வூருக்கு வந்தபோது, அவர் கையாலேயே புதுநன்மை வாங்கினார். 1585-ல் தமக்குரிய பட்டத்தையும் ஆட்சியையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உரோமையில் சேசுசபையில் சேர்ந்தார். 1591-ல் அந்நகரில் கொள்ளைநோய் பரவிற்று. பிறர் தொட அஞ்சிய நோயாளிகளுக்கு அவர் பணிவிடை செய்தார்; தாமும் நோய்ப்பட்டு ஜூன் 21-ந் தேதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 23. 1726-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். அவருடைய திருத்தலை இன்றும் காஸ்திலியோனேயில் அவர் பெயரால் விளங்கும் கோவிலில் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இனி, 1859-ம் ஆண்டுக்கு வாருங்கள். அப்போது லொம்பார்தியா தேசம் ஆஸ்திரியர் ஆட்சியில் இருந்தது. அவர்களை வெளியேற்ற பிரெஞ்சு சேனையும் சார்தீனியா அரசரின் சேனையும் ஒன்றாய்ப் போர் புரிந்தன. ஜூன் 24-ந் தேதி, அதாவது ஞானப்பிரகாசியார் திருநாள் கழிந்த மூன்றாம் நாள், பக்கத்து ஊராகிய சொல்பெரீனோவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர் மோதினார்கள். அந்த ஒரே நாளில் மாண்டவரும் காயப்பட்டவரும் காணாமற் போனவரும் ஏறக்குறைய 40,000 பேர்.

காயப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேயில் வந்து குவிந்தார்கள். கோவில்கள், மடங்கள், வீடுகள் எல்லாம் நிரம்பி, தெருவிலும் வைக்கோல் பரப்பி அவர்களைக் கிடத்தினார்கள். ஊரில் தண்ணீர் இருந்தது, உணவும் இருந்தது. ஆனாலும் பலர் தாகத்தாலும் பசியாலும் செத்தார்கள். ஏன்? எடுத்துக் கொடுக்கக் கைகள் போதவில்லை. இன்னார் இன்ன வேலை செய்க என்று வகுத்துக் கொடுப்பாரும் இல்லை.

சொந்த அலுவலாக அப்பக்கம் வந்திருந்தார் ஜெனீவா நகரத்து ஹென்றி தூனான். வயது 31. வைத்தியர் அல்லர், போர்வீரரும் அல்லர், நம் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர். ஊர்ப் பெரிய கோவிலில் அவர் வேலையை ஒழுங்குபடுத்தினார். லொரென்சோ பார்சீசா என்னும் குருவானவர் துணை நின்றார். ஊர்ச் சிறுவர்கள் ஊற்றுகளிலிருந்து வாளிவாளியாய்த் தண்ணீர் சுமந்தார்கள். பெண்கள் காயங்களைக் கழுவிக் கட்டினார்கள். நேற்றுவரை தங்களை அடக்கி ஆண்ட ஆஸ்திரியரின் காயங்களையும் அதே கையால் கட்டினார்கள். எல்லாரும் சகோதரரே என்று அவர்கள் சொல்லிவந்ததைத் தூனான் மறக்கவில்லை.

1862-ல் தாம் கண்டதைப் புத்தகமாய் வெளியிட்டார். அதன் பலனாக 1863-ல் ஜெனீவாவில் ஐவர் கூடித் தொடங்கிய முயற்சியே செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. 1864-ல் பல அரசுகள் கூடி, காயப்பட்ட வீரன் எந்தப் பக்கத்தவனாயினும் பேணப்பட வேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டன. 1901-ல் சமாதானத்துக்கான முதல் நோபெல் பரிசு தூனானுக்கும் பிரான்ஸ் தேசத்து பிரெதெரிக் பாசிக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. 1959-ல் காஸ்திலியோனேயில் செஞ்சிலுவைக் காட்சிசாலை திறக்கப்பட்டது.

கவனியுங்கள். ஞானப்பிரகாசியார் நோய்க்கு அஞ்சவில்லை. அவர் ஊர்ப் பெண்கள் பகையைப் பாராட்டவில்லை. இவ்விரண்டும் சேர்ந்ததே அவ்வூரின் உண்மையான சொத்து. கோட்டையும் பிரபுக்களின் ஆட்சியும் போய்விட்டன, இது போகவில்லை.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் வீட்டார் எல்லாரும் ஒரு கேள்வியைச் சிந்தியுங்கள். நம் தெருவில் நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடு ஒன்று இருக்கலாம். அங்கே ஒருவர் நோயாய்ப் படுத்தால், ஒரு செம்பு கஞ்சி எடுத்துக்கொண்டு நம் வீட்டிலிருந்து யார் போவார்? ஆள் இன்னார் என்று முன்னதாகவே தீர்மானித்து வையுங்கள்.