ஜஸ்டிஸ் பாத்திமா பீவி

இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு 1950-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் பின் 39 ஆண்டுகள் வரை அந்த ஆசனத்தில் ஆண்களே அமர்ந்து வந்தனர். 1989 அக்டோபர் 6-ந் தேதி முதன்முதலாக ஒரு பெண்மணி அங்கே நீதிபதியாகப் பதவி ஏற்றார். அன்னாரே ஜனாபா பாத்திமா பீவி அவர்கள்.

திருவிதாங்கூர் ராஜ்யத்துப் பத்தனம்திட்டையில் 1927 ஏப்ரல் 30-ல் பிறந்தவர். தகப்பனார் மீரா சாகிபு. தாயார் கதீஜா பீவி. ராவுத்தர் குடும்பம். ராவுத்தர் என்றால் யாரென்று நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்தில் ரசாயன சாஸ்திரம் கற்று பி.எஸ்ஸி. தேறிய மகளை, சட்டம் படி என்று திருப்பி விட்டவர் தகப்பனாரே. அதற்குக் காரணம் உண்டு. அதே திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்னும் கிறிஸ்தவப் பெண்மணி 1937-லேயே முன்சீப் ஆகியிருந்தார். அவர் ஏறிய படியில் நம் வீட்டுப் பெண்ணும் ஏறலாமே என்று அந்த மனிதருக்குப் பட்டிருக்கிறது. மேல்படிப்பு என்றதும், "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று பேச்சை முடித்து விடுகிற தகப்பன்மார் இன்றைக்கும் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர்கள் மீரா சாகிபைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

1950 நவம்பரில் வக்கீலாகப் பதிந்து, கொல்லத்தில் தொழில் நடத்தினார். 1958-ல் முன்சீப் உத்தியோகம் கிடைத்தது. முன்சீப் என்பது நம் மதரஸாப் பிள்ளைகள் அறிந்த அரபுச் சொல்தான். இன்ஸாப் செய்கிறவர் முன்ஸிப். நிஸ்பு என்றால் பாதி. அந்த வேரிலிருந்து வந்ததே இன்ஸாப். தராசு பிடிக்கிற நமக்கு இது எளிதில் விளங்கும்: இரு தட்டையும் பார்க்காமல் நிறை சொல்ல முடியாது.

பிறகு 1968-ல் சப் ஜட்ஜ், 1974-ல் ஜில்லா செஷன்ஸ் ஜட்ஜ், 1983-ல் கேரள ஹைகோர்ட்டு நீதிபதி. ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. முன்சீப் நாற்காலியிலிருந்து ஹைகோர்ட்டுக்கு வர 25 ஆண்டுகள் பிடித்தன. ஹைகோர்ட்டில் 62 வயதோடு ஓய்வு. 1989 ஏப்ரலில் அப்படி ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவரைத்தான் ஐந்து மாதம் கழித்து டில்லி அழைத்தது. அங்கே 65 வயது வரை இருக்கலாம். 1992 ஏப்ரல் வரை இருந்தார்.

அவர் எழுதிய தீர்ப்புகளில் 1991-ல் வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் ஒரு குடிசைப் பகுதியைச் சீர்படுத்துவதாக அறிவித்த அரசாங்கம், பிற்பாடு அந்த அறிவிப்பை மாற்றிக் கொண்டது. குடிசைவாசிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழைகளானாலும் அவர்கள் சொல்வதைக் கேட்காமல் அவர்களுக்குக் கிடைத்ததைப் பறிக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. முன்சீப் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

1997 முதல் தமிழ்நாட்டு கவர்னர். அந்த உத்தியோகம் அவருக்கு நிம்மதி தரவில்லை. 2001 மே மாதத்தில், தேர்தலில் நிற்கத் தகுதியிழந்திருந்த ஜெயலலிதா அவர்களுக்கு முதன் மந்திரியாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அது பெரும் சர்ச்சையாயிற்று. ஜூலையில் ராஜினாமாச் செய்தார். செப்டம்பரில் அந்த நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது, அவர் முன்பு அமர்ந்திருந்த அதே சுப்ரீம் கோர்ட்டுதான். அவரைப் புகழ்கிறவர்கள் இதை விட்டு விடுகிறார்கள். விடுவது இன்ஸாப் ஆகாது.

2023 நவம்பர் 23-ந் தேதி, 96-வது வயதில், கொல்லத்தில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருதை அவர் பெயருக்கு அளித்தது.