தோட்டம் விட்டுப் பெயர்வோரும் காவல் நாய்களும்

நிலத்தை விற்றோ, குத்தகைக்கு விட்டோ, முதுமையின் பொருட்டு மக்களோடு வாழக் கருதியோ, தோட்டத்துச் சாளையை விட்டு நகருக்குப் பெயரும் அங்கத்தினர் சிலர் ஆண்டுதோறும் உளர். அவர்கள் கறவை மாட்டிற்கு விலை பேசுகின்றனர். மோட்டாருக்கும் குழாய்களுக்கும் கணக்கு எழுதுகின்றனர். காவல் நாயின் நினைவோ, வண்டியில் சாமான் ஏற்றும் நாளில்தான் வருகிறது. அன்று நினைத்துப் பயனில்லை. நாய்க்கு வேறிடம் அமைக்க இரண்டு மாத அவகாசமேனும் வேண்டும் என்பதையே நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம்.

“அது எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்” என்பது பலர் கூறும் சமாதானம். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய இனத்து நாய்களும், அவற்றின் கலப்பில் பிறந்தவையும், ஒரு வேலிக்குள் ஒரு குடும்பத்தார் இட்ட சோற்றை உண்டு வளர்ந்தவை. ஆளில்லாத சாளையின் வாயிலில் அத்தகைய நாய் சில நாள் பட்டினி கிடக்கும்; பின்னர் வெளியேறும். பசித்த பெரிய நாய் இரவில் எங்கே செல்லும் என்பதை ஆடு வளர்ப்போர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நாய்கள் பட்டிகளிற் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இழப்பீடு வேண்டி விவசாயிகள் போராடியதும் யாவரும் அறிந்தவை. அந்நாய்கள் கைவிடப்பட்ட காவல் நாய்கள் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் நேற்று வரை நம் பட்டியைக் காத்த நாய், நம் அசட்டையால் அண்டைத் தோட்டத்தாரின் பட்டிக்குப் பகையாதல் தகுமா? தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

உடன் அழைத்துச் சென்றால் என்ன என்று கேட்கலாம். தோட்டத்தில் அயலார் வருகை அரிது. வந்தவரைக் குரைத்து நிறுத்துவதே நாயின் தொழில். நெசவாளர் தெருவிலோ விடிந்தது முதல் நூல் கொணர்வோரும், சேலை கொண்டுபோவோரும், பள்ளிப் பிள்ளைகளும் வாயிலைக் கடந்துகொண்டே இருப்பர். தெருவில் பாவு நீட்டிப் பசையிட்டு ஆற்றும் வழக்கம் உள்ள ஊராயின், அறுத்துக்கொண்டு ஓடும் ஒரு நாய் ஒரு நொடியில் எத்தனை இழைகளைப் பாழாக்கும் என்பதைத் தறிக்காரரே அறிவர். இதற்கஞ்சி நாள் முழுதும் குறுஞ்சங்கிலியிற் கட்டினால் நாயின் சீற்றம் மிகுமேயன்றித் தணியாது. எட்டு, ஒன்பது வயது கடந்த நாய் மட்டும் இதற்கு விலக்கு. அதனைப் பிறர் விரும்பி ஏற்பது அரிது. அது பெரும்பாலும் உறங்கியே பொழுது கழிக்கும். அதனை உடன் கொண்டுபோவதே முறை.

யாரிடம் ஒப்புவிப்பது? நிலத்தை வாங்குபவரையே முதலிற் கேட்க வேண்டும். நாய்க்கு இடம் மாறுவதில்லை. சோறிடும் கை மட்டுமே மாறும். அவர் இசையாவிடில் தென்னந்தோப்பு, ஆட்டுப்பட்டி முதலியவற்றில் நிலையாகக் குடியிருந்து பாடுபடுவோரை நாடலாம். பெருமைக்காக வாயிலிற் கட்டிவைக்க விழைவோர் எவ்வளவு விலை கொடுப்பினும் கொடாதிருத்தலே நன்று என்பது நம் கருத்து. சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே காவல் புரிந்த இரு நாய்களை இயன்றவரை பிரிக்கலாகாது.

குணங்களை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். யாரையேனும் கடித்ததுண்டா, கோழியைப் பிடிக்குமா, இடிக்கும் வெடிக்கும் மிரண்டு ஓடுமா என்பவற்றை ஏற்பவர் முன்னரே அறிய உரிமையுடையவர். வெள்ளை நிற இராஜபாளையம் நாய்களுட் சிலவற்றிற்குப் பிறவிச் செவிடு உண்டு. உறங்கும் செவிட்டு நாயைத் தொட்டெழுப்பும் குழந்தைக்குக் கடி நேரலாம். இதனை மறைப்பது கொடிது. வெறிநோய்த் தடுப்பூசி இதுவரை போடாதிருப்பின், கொடுப்பதற்கு ஒரு மாதத்திற்கு முன்னரே கால்நடை மருந்தகத்திற் போட்டு, அச்சீட்டையும் உடன் ஒப்புவிக்க வேண்டும். இடமாற்றக் காலத்தில் யாரையேனும் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்றிராமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. வெறிநோய் கண்டபின் மருந்தில்லை.

ஒப்புவிக்கும் முறையே அனைத்தினும் முக்கியம். புதியவர் நான்கைந்து முறை தோட்டத்திற்கு வந்து, நாம் அருகிருக்கத் தம் கையால் உணவிட வேண்டும். பின்னர் அவரே கயிறு பிடித்து வரப்பில் நடத்திப் பழக வேண்டும். அழைத்துச் செல்லும் நாளில், இரவிலன்றிப் பகலிலேயே, அது உண்ட தட்டும் படுத்த சாக்கும் உடன் போகட்டும். பழைய மணம் அதற்கு ஆறுதல். கம்மஞ்சோறும் மோரும் உண்டு பழகிய நாய்க்கு முதல் நாளே இறைச்சியும் கடைத்தீனியும் இட்டால் வயிறு கெடும். ஒரு வாரத்திற் சிறிது சிறிதாக மாற்றுக. ஓரிரு நாள் உண்ணாதிருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. நீரும் பருகாவிடின் மருத்துவரிடம் காட்டுக. புதிய இடத்து ஆடுகளை வேலிக்கு அப்பாலிருந்து சில நாள் பார்த்த பின்னரே, கயிற்றோடு அவற்றினருகே கொண்டுசெல்லலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் நன்கு அடைத்த வேலிக்குள்ளேயே வைத்தல் வேண்டும். நாய்கள் பல மைல் கடந்தும் பழைய இடம் தேடி வருவன. ஆகவே பழைய தோட்டத்தை வாங்கியவரிடமும், பக்கத்துச் சாளைக்காரரிடமும் புதியவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, நாய் திரும்பி வந்தால் கல்லெறியாமல் நீர் வைத்துச் செய்தி சொல்லுமாறு கேட்டுக்கொள்க. அவ்வெண்ணை நாயின் கழுத்துப் பட்டையிலும் எழுதி வைக்கலாம்.