தானே விழுந்து முளைக்கும் பூச்செடிகள்

கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்று மேட்டிலும் வீட்டுக் கொல்லையிலும் கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, செண்டுப்பூ ஆகியவை விதைப்பாரின்றியே ஆண்டுதோறும் வளர்வதைக் காணலாம். இவை ஒரே பருவத்தில் பூத்து, விதை கொட்டி, மடிந்துவிடும் செடிகள். கொட்டிய விதை மண்ணில் கிடந்து ஆனிச் சாரலிலோ ஐப்பசி மழையிலோ முளைக்கிறது. விதைச் செலவும் நாற்றங்கால் வேலையும் இல்லை. எனினும், முதல் ஆண்டில் உள்ளங்கை அகலம் இருந்த கொண்டை மூன்றாம் ஆண்டில் இரண்டு விரல் அளவாகிவிட்டது என்று விவசாயிகள் பலர் குறைப்படுகின்றனர்.

மண் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆயுத பூசை நெருங்கும்போது பெரிய கொண்டைகளையெல்லாம் அறுத்துச் சீலையம்பட்டிச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறோம். விலை போகாத சிறு பூக்களே செடியில் நின்று விதை கொட்டுகின்றன. அதாவது, மட்டமான செடிகளை நாமே விதைக்குத் தேர்ந்தெடுத்து விடுகிறோம்! நெல்லில் இவ்வாறு செய்ய எவரும் துணியமாட்டார்.

எனவே முதல் அறுப்புக்கு முன்பே, திடமான தண்டும் அகன்ற கொண்டையும் நல்ல நிறமும் உள்ள ஐந்தாறு செடிகளில் நூல் கட்டி, அவற்றின் பூவைத் தொடாமல் விட வேண்டும். நிறம் மங்கியவற்றையும் கொண்டை ஒடுங்கியவற்றையும் பூ வடிவம் தெரிந்தவுடனே பிடுங்கிவிடுவது நலம். தாமதித்தால் மகரந்தம் கலந்துவிடும். கோழிக்கொண்டையில் விதை, கொண்டையின் மேல் மடிப்பில் இராது. அடிப்பக்க ஓரங்களில் கறுத்து மினுமினுப்பாக இருக்கும். தாளை விரித்துத் தட்டினால் உதிரும். பாதியை எடுத்து நிழலில் உலர்த்திப் பத்திரப்படுத்திவிட்டு, மீதியைப் பாத்தியிலேயே விழ விடலாம். மழை பொய்த்தாலும் கையில் விதை இருக்கும்.

விதை மிகச் சிறியதாகையால் அந்தப் பாத்தியை மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தக்கூடாது. மேலாகக் கீறிவிட்டால் போதும். நாற்றுகள் நான்கு இலை விட்டதும் 30 செ.மீ. இடைவெளி விட்டுக் கலைத்துவிட வேண்டும். மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவைப்பதும் கொண்டை சிறுப்பதற்கு ஒரு காரணம். மானாவாரிக் காடுகளில் களையாக வரும் பண்ணைக்கீரை இதற்கு நெருங்கிய உறவு. இளம் செடியில் வேறுபாடு எளிதில் தெரியாது. மெல்லிய கதிர் விட்டால் அது பண்ணைக்கீரை. விதை பிடிக்குமுன் நீக்கிவிடவும்.

காசித்தும்பைக் காய் முற்றியதும் தொட்டாலே வெடித்துச் சிதறும். விதை வேண்டுவோர் காய் பழுக்கத் தொடங்கும்போதே பறிக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் இச்செடி அழுகிவிடும். வாடாமல்லி விதையைப் பஞ்சு போன்ற உறை மூடியிருக்கும். சேகரித்து விதைப்பவர்கள் மணலுடன் தேய்த்து விதைக்கலாம்.

செண்டுப்பூவில் மட்டும் எச்சரிக்கை தேவை. வீரிய ஒட்டு விதையில் வந்த செடியின் விதை, தாய்ச்செடி போல ஒரே சீராகப் பூக்காது. வாசலுக்கு அது போதும், சந்தைக்குப் போதாது. தக்காளியில் காய்ப்புழுவைக் கவர்ந்திழுக்க ஊடே நடும் செண்டுப்பூவுக்கும் தானே முளைத்த செடியை நம்பக்கூடாது. தக்காளியும் செண்டுப்பூவும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் பயன். அதற்கு 25 நாள் தக்காளி நாற்றுடன் 45 நாள் செண்டுப்பூ நாற்றை நட வேண்டும். ஆகவே, நாள் கணக்கிட்டு முன்கூட்டியே நாற்று விட்டுக்கொள்ளவும்.