ஓவியக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு கிளம்புறீங்களா?

சேவூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் போய்த் திரும்ப நல்ல இடம், கோவையின் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம். ஓவியக் கண்காட்சிகளோடு ஜவுளி அருங்காட்சியகமும் இங்கே இருக்கிறது.

* அவிநாசி போய்க் கோவை பஸ் ஏறுங்கள். கலைக்கூடம் அவிநாசி சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் அலைய வேண்டாம்.
* கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். என்ன நடக்கிறது, ஞாயிறு திறந்திருக்குமா என்று போனில் கேட்டபின் கிளம்புங்கள்.
* அப்படியே கோவை அரசு அருங்காட்சியகத்துக்கும் போவதென்றால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். அன்று வார விடுமுறை.
* தறி ஓட்டிய அப்பிச்சி, அம்மாயியை அவசியம் கூட்டிப் போங்கள். நூல், நெசவு பற்றி அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.
* எல்லாப் படத்தையும் பார்த்து முடிக்க அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைக்குப் பிடித்த இரண்டு, மூன்று படங்களின் முன் நின்று, 'இதில் என்ன தெரியுது?' என்று கேளுங்கள்.
* படத்தைத் தொடக் கூடாது. போட்டோ எடுக்க முன்அனுமதி கேளுங்கள், பிளாஷ் வேண்டாம்.
* சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்தால், பார்த்ததைப் பிள்ளைகள் அங்கேயே வரைவார்கள்.
* ஆர்வம் தெரிந்தால் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் இந்த மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் குறைந்த கட்டணத்தில் ஓவியம், இசை, நடனம் கற்கலாம்.

மே 18 உலக அருங்காட்சியக தினம், பள்ளி விடுமுறைக் காலம். அதை ஒட்டி ஒரு நாளை இப்போதே குறித்து வையுங்கள்.